ஆறு வயதுப் பையனுக்கு எந்த ரிமோட் கார்?

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் 6 வயது முடிகிறது. தீபாவளிக்கு வாங்கித் தந்த ரிமோட் கார் பொங்கல் வருவதற்குள் நின்றுவிட்டது. பிறந்தநாளுக்கு நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று 5,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். என் கொழுந்தனார், "பிரஷ்லெஸ் வண்டியா வாங்குங்க அண்ணி, அறுபதுல பறக்கும். பெரியவனானாலும் வச்சு ஓட்டுவான், மேல ஆகுற காசை நான் போடுறேன்" என்கிறார். என் கணவரோ, பழைய காருக்கே பெரிய பேட்டரி போட்டால் போதும் என்கிறார். ஓட்டுவதற்கு எங்களுக்கு இருப்பது 30 அடி நீள மொட்டை மாடியும் வீட்டு முன் உள்ள தெருவும்தான். வீட்டில் 2 வயதில் மகளும் இருக்கிறாள். எதை வாங்குவது? வாங்கிய பிறகு அதில் எதையெல்லாம் மாற்றலாம்?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வணக்கம் சகோதரி. ரிமோட் கார்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். உங்கள் வீட்டில் நடக்கும் இதே பேச்சு என் பட்டறைக்கு வரும் பல வீடுகளிலும் நடப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொழுந்தனாருக்கு அண்ணன் மகன் மீது இருக்கும் பிரியம் புரிகிறது. ஆனாலும் பிரஷ்லெஸ் (மோட்டாருக்குள் பிரஷ் என்ற உரசும் துண்டு இல்லாத, வேகம் கூடிய வகை) இப்போது வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் உங்கள் 30 அடி மாடியை அந்தக் கார் அரை விநாடியில் கடந்துவிடும். பையன் கண்ணால் பார்த்து, வலப்பக்கமா இடப்பக்கமா என்று யோசித்து, விரலை அசைப்பதற்குள் சுவரில் மோதியிருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார் அந்த வேகத்தில் 2 வயதுக் குழந்தையின் காலில் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதே மாடியைக் கடக்க மூன்று விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆறு வயதுக் கைக்கு அந்த மூன்று விநாடி வேண்டும்.

'பெரியவனானாலும் ஓட்டுவான்' என்பதும் நடைமுறையில் சரிவராது. முதல் நாளே இரண்டு தடவை மோதி, காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் கை உடையும். அதற்கான பாகம் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் பையனுக்கு ரிமோட்டைத் தொடவே பயம் வந்துவிடும், சித்தப்பா ஓட்ட அவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பான். ஓட்டாமல் எடுத்து வைத்தாலும் அதிலிருக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சும்மா கிடந்தே உப்பிப்போகும். கொழுந்தனார் தருவதாகச் சொன்ன பணத்தை நல்ல சார்ஜருக்கும் உபரி பேட்டரிக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் பையனுக்கு உதவும்.

அடுத்து உங்கள் கணவர் சொன்னது. பழைய காரைத் திறந்தால் உள்ளே சின்னதாக ஒரே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். ரிமோட்டின் சிக்னலை வாங்குவது, பின் மோட்டாரை ஓட்டுவது, முன் சக்கரத்தைத் திருப்புவது எல்லாம் அந்தப் போர்டின் வேலை. பெரிய பேட்டரி என்று அவர் சொல்வது அதே வோல்ட்டில் எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) மட்டும் கூடுதலான பேட்டரி என்றால் தாராளமாகப் போடலாம், கூடுதல் நேரம் ஓடும். 4.8 வோல்ட் இருந்த இடத்தில் 7.4 வோல்ட் போடுவது என்றால் கூடாது. ஓரிரு நாள் சீறிக்கொண்டு ஓடிவிட்டுப் போர்டு கருகும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கியரின் பல் வழித்துக்கொண்டு போகும். அந்த மாதிரிக் காருக்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது.

ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள். கடல்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் பொம்மைக் கார்கள் நிற்பதற்கு அடிக்கடி நான் பார்க்கும் காரணங்கள் இரண்டு. பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கும் தகடும் பச்சை பூத்திருக்கும், அல்லது மோட்டாரின் முனையில் ஈயம் விட்டு ஒயர் கழன்றிருக்கும். பச்சையைப் பழைய டூத் பிரஷ்ஷில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒயரைப் பற்றவைக்கத் தெருமுனையில் இருக்கும் டிவி மெக்கானிக் போதும். ஓட ஆரம்பித்தால் அப்படியே விளையாடட்டும், அதற்கு மேல் அதில் காசு போடாதீர்கள்.

இனி புதுக் கார். கடையில் பெட்டியின் படத்தையும் வேகத்தையும் பார்க்காமல், ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். காரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டின் ஸ்டீயரிங்கை ஒரு நூல் மட்டும் திருப்புங்கள். முன் சக்கரமும் ஒரு நூல் திரும்பி அங்கேயே நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அதுவும் இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். அப்படி இல்லாமல், லேசாகத் தொட்டதுமே சக்கரம் 'டக்'கென்று கோடிக்குப் போய் முட்டினால் அது பொம்மை. வேகத்துக்கும் இதே சோதனைதான்: ட்ரிகரைப் பாதி அழுத்தினால் பாதி வேகம் வர வேண்டும். கொடுத்த அளவுக்குத் திரும்பும் இந்த வகையை எங்கள் தொழிலில் புரபோர்ஷனல் என்போம். ஆறு வயதுக் குழந்தை ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே இந்த வகையில்தான். மற்றதில் பொத்தானை அமுக்கத்தான் முடியும். "ஒரேயடியா திரும்பிடுதுண்ணா, நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வரும் பிள்ளைகள் காரைத் திட்டுவார்கள். அவர்கள் சொல்வது முழுக்க உண்மை.

ரிமோட்டின் சிக்னல் அலைவரிசை 2.4 ஜிகாஹெர்ட்ஸாக இருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்களில், பக்கத்து வீட்டுப் பையனிடமும் அதே கார் இருந்தால் ஒருவன் ரிமோட்டுக்கு இன்னொருவன் கார் ஓடி, தெருவில் சண்டை வரும். 2.4-இல் பத்துப் பேர் சேர்ந்து ஓட்டினாலும் அவரவர் கார் அவரவர் பேச்சைத்தான் கேட்கும்.

என் தேர்வு, மெதுவாக ஊர்ந்து மேடு பள்ளம் ஏறும் டிரக் வகை, அதாவது கிராலர். உங்கள் பட்ஜெட்டை ஒட்டி டபிள்யூபிஎல், எம்என் ஆகிய சீனக் கம்பெனிகளின் வண்டிகள் கிடைக்கும். டபிள்யூபிஎல்-இன் சி வரிசை 1/16 அளவு, அதாவது நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு; எம்என்-இன் டி90 1/12 அளவு. நாலு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், கியர், ஆக்ஸில், சர்வோ (முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்), போர்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆன்லைனில் கிடைக்கும். ஒரே மாடலில் பல பதிப்புகள் சுற்றுவதால், மேலே சொன்ன ஒரு நூல் சோதனையை இவற்றிலும் செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் இதே வண்டிக்குச் சொல்லும் விலையைப் பார்த்து நம் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. விலை ஏறியதற்கு அதுவே பெரிய காரணம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் ஓடும் பொம்மைக்கு அந்த முத்திரையோடு ஐஎஸ் 15644 என்ற எண் இருக்கும். பொம்மைக் கார் வாங்கினால் அதைப் பார்த்தே வாங்குங்கள். நான் சொல்லும் வகைக் கார்கள் பலவற்றின் பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருக்கும். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். பையன் ஓட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பேட்டரியும் சார்ஜரும் முழுக்க முழுக்கப் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். இதற்கு வீட்டில் ஆள் இல்லை என்றால், இந்த வகை வேண்டாம். முத்திரையுள்ள பொம்மைக் காரோடு இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.

பிற்காலத்தில் பட்ஜெட் கூடினால், டிராக்சஸ் கம்பெனியின் தொடக்கநிலைக் கார்களில் வரும் எக்ஸ்எல்-5 என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் டிரெய்னிங் மோடு இருக்கிறது, வேகத்தைப் பாதியாக்கிவிடும். வேறு சில கார்களின் ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து வைக்கும் குமிழ் இருக்கும். அந்த மாதிரிக் காரைத்தான் 'வளர்ந்தாலும் ஓட்டுவான்' என்று நம்பி வாங்கலாம். ஆனால் அதெல்லாம் உங்கள் பட்ஜெட்டைப் போல் பல மடங்கு.

ஓட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தெரு வேண்டாம். தண்டையார்பேட்டைத் தெருக்களில் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் எப்போது திரும்பும் என்று தெரியாது, பையனின் கண் முழுக்கக் காரின் மேல்தான் இருக்கும். அதே காரணத்தால் மாடியிலும் கவனம் வேண்டும். காரைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற குழந்தை கைப்பிடிச் சுவரைப் பார்ப்பதில்லை. மாடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, 'ரிமோட் கையில் இருந்தால் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும்' என்று முதல் நாளே சட்டம் போட்டுவிடுங்கள். காரைத் திருப்பிக் கொண்டுவரப் பெரியவர் போகட்டும். மாடித் தளம் வெயிலில் கொதிக்கும் நேரத்தில் ஓட்டாதீர்கள், மோட்டாரும் பேட்டரியும் சீக்கிரம் சூடாகும். சாயங்காலம் கடல்காற்று வீச ஆரம்பித்த பிறகு நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் சேர்வதற்கு முன் மாநகராட்சி விளையாட்டுத் திடலின் ஓரம் இன்னும் நல்லது.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே கொண்டுபோகாதீர்கள். மணல் கியர் பெட்டிக்குள் போனால் பல்லை அரைக்கும், மோட்டாருக்குள் போனால் பிரஷ்ஷை அரைக்கும். உப்பு ஈரம் பேரிங்கைத் துரு பிடிக்க வைக்கும். வெளியே பார்க்க வண்டி சுத்தமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து 'கரகர' என்று சத்தம் வரும்போது காரணம் நினைவில்கூட இருக்காது.

முதல் சில வாரம் ஒரு விஷயத்தில் பையன் திணறுவான். கார் தன்னைவிட்டு விலகிப் போகும்போது இடது இடதாகவே இருக்கும். தன்னை நோக்கித் திரும்பி வரும்போது அவன் இடப்பக்கம் திருப்பினால் கார் அவன் கண்ணுக்கு வலப்பக்கம் போகும். பெரியவர்களே தடுமாறும் இடம் இது. 'தப்பாத் திருப்புற' என்று கத்த வேண்டாம். இரண்டு செருப்பைப் பத்தடி இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொல்லுங்கள், அதுவும் நடக்கும் வேகத்தில். கார் தன்னை நோக்கி வரும்போது, ஓட்டுநர் சீட்டில் தானே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பில் இடிக்காமல் எட்டு முழுதாக விழுகிற வரை காரில் எதையும் மாற்ற வேண்டாம்.

மாற்றுவது என்று வந்தால் என் வழி எளிது. எது உடைகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள், மாற்றும்போது ஒரு படி உறுதியானதாக வாங்குங்கள். வாங்கிய அன்றே பளபளக்கும் அலுமினிய பாகங்களை செட்டாக வாங்கிப் பூட்டும் அப்பாக்களை நிறையப் பார்க்கிறேன். அலுமினியம் உடையாதுதான். ஆனால் பிளாஸ்டிக் கை வளைந்து வாங்கிக்கொள்ளும் அடியை அலுமினியக் கை வாங்காமல், அடுத்திருக்கும் விலை கூடிய பாகத்துக்குத் தள்ளிவிடும். சில இடங்களில் மலிவான பிளாஸ்டிக் உடைவதே நல்லது.

டிரக் வகையில் முதலில் தேய்வது பெரும்பாலும் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் ஷாஃப்டின் முனை. அதை உலோகத்தில் மாற்றலாம். அடுத்து முன் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவின் பல் போகும், அதையும் உலோகப் பல் உள்ளதாக மாற்றலாம். புதியதன் ஒயர் இருக்கிற போர்டில் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள், சில வண்டிகளில் சர்வோவுக்கு மூன்று ஒயர், சிலவற்றில் ஐந்து. அச்சு சுழலும் துளையில் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) இருக்கும் இடங்களில் பால் பேரிங் போடுவது குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை. வண்டி லகுவாக உருளும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். நம் ஊர்க் காற்றுக்கு மாதம் ஒரு தடவை பேரிங்கைத் துடைத்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

மோட்டாரைக் கடைசிக்கு வையுங்கள். மோட்டாரைப் பெரிதாக்கினால் கியர் போகும், கியரை உலோகமாக்கினால் ஷாஃப்ட் போகும், எல்லாவற்றையும் மாற்றினால் போர்டு சூடாகும். இந்தச் சங்கிலி எங்கே முடியும் என்றால், புது வண்டியின் விலையில் முடியும். பையனுக்கு எட்டு, ஒன்பது வயதாகி அவனே கேட்கும்போது செய்துகொள்ளலாம்.

திருகு மாட்டுவதைப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் அவனுக்குக் கிடைக்கப்போகும் நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று. பிளாஸ்டிக்கில் ஏற்கனவே திருகு போயிருந்த துளையில் மறுபடி போடும்போது, முதலில் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் திருகு 'டிக்' என்று லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய புரி அங்கேதான் தொடங்குகிறது, அதிலிருந்து வலப்பக்கம் சுற்றினால் அதே தடத்தில் ஏறும். நேரடியாக அழுத்தி முறுக்கினால் ஒவ்வொரு தடவையும் புதுப் புரி வெட்டும், நாலாவது தடவை துளை பிடிக்காது. கழன்றுவிடாமல் இருக்கத் திருகில் போடும் பசையை உலோகத்தில் ஏறும் திருகுக்கு மட்டும் போடுங்கள், பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

மோட்டாரைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், சின்ன கியருக்கும் பெரிய கியருக்கும் நடுவே நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்று வைத்து இரண்டையும் நெருக்கித் திருகை இறுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாகக் கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் கியர்கள் ரொம்ப நெருங்கிவிட்டன, அப்படியே விட்டால் மோட்டார் சூடாகும். ஓட்டி முடித்ததும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி விரலை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், ஆறட்டும்.

பேட்டரியை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். காரோடு வரும் யூஎஸ்பி ஒயர் சார்ஜர்கள் சிலவற்றில் நிக்கல் பேட்டரி நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி கிடையாது, நேரத்தை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பேட்டரி 700 எம்ஏஎச், சார்ஜர் 250 மில்லி ஆம்பியர் என்றால் வகுத்தால் 2.8 மணி நேரம் வரும், வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து மூன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது.

லித்தியம் வகை என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். இரண்டு செல் லிப்போ 7.4 வோல்ட், நிறைந்தால் 8.4. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், ஆகவே கார் சோர்ந்து ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும், 'இன்னும் ஒரு ரவுண்டு' கூடாது. சின்ன வெள்ளைப் பிளக் வழியாக ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்து நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொழுந்தனாரின் பணம் இதற்குத்தான். ஓட்டி முடித்து பேட்டரி ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். மெத்தை, சோபா மேல் வேண்டாம். சிமெண்ட் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, பெரியவர் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வையுங்கள். உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சில கார்களில் பென்சில் பேட்டரி அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல் வரும். அதை எடுத்துச் சுவர்க் கடிகாரத்திலோ டிவி ரிமோட்டிலோ போட்டுவிட்டால் கருவி கெட்டுப்போகலாம். அதன் மேல் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். காரின் மேல்மூடியைப் பிடிக்கும் கம்பிக் கிளிப், திருகு, கழற்றிய கியர் எல்லாமே 2 வயதுக் குழந்தையின் வாய்க்குள் போகிற அளவுதான். கழற்றும் வேலையை அவள் தூங்கும் நேரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துச் செய்யுங்கள், தரையில் எதுவும் உருளாது. ரிமோட்டில் பட்டன் பேட்டரி போடும் காரை வாங்கவே வேண்டாம். பென்சில் பேட்டரி போடும் ரிமோட்டிலும் மூடி திருகால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் வேறு எந்தப் பொருளிலாவது பட்டன் பேட்டரி இருந்து, அவள் விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரண்டு மணி நேரத்திலேயே அது உணவுக்குழாயை வெந்துபோகச் செய்துவிடும்.